ஸ்பூனைத் திருப்பிப் பாருங்கள்

1730-களில் லண்டனில் ஒரு பணக்கார வீட்டு விருந்துக்குப் போயிருந்தால், மேசையில் ஸ்பூன்கள் எல்லாம் குப்புறக் கிடந்திருக்கும். குழி மேசைத்துணியைப் பார்த்தபடி, முதுகு மேலே. முள்கரண்டியும் அப்படித்தான், முனை கீழ்நோக்கி. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. அதனால் குடும்பச் சின்னத்தையும் காம்பின் பின்பக்கத்தில்தான் செதுக்கினார்கள். சூப் வருவதற்குள் விருந்தாளிக்குத் தான் யார் வீட்டில் சாப்பிடுகிறோம் என்பது நன்றாகப் பதிந்துவிடும்.

1760-களில் வழக்கம் மாறியது. ஸ்பூனை நிமிர்த்தி வைக்க ஆரம்பித்தார்கள். மேல்நோக்கி வளைந்திருந்த காம்பு நுனி கீழ்நோக்கி வளைந்தது, சின்னமும் முன்பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. முதல் வகைக்கு ஹனோவேரியன் என்று பெயர், அடுத்ததற்கு ஓல்டு இங்கிலீஷ். ஆகவே ஒரு பழைய வெள்ளி ஸ்பூன் கையில் கிடைத்தால் முத்திரையைத் தேடிப் பூதக்கண்ணாடி எடுக்கும் முன், சின்னம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

என்னிடம் ஹனோவேரியன் ஒன்று இருக்கிறது. லண்டன் போர்ட்டபெல்லோ சாலையின் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. இருபது சென்டிமீட்டர் நீளம், பார்த்தால் தெரியாத கனம். காம்பு வந்து குழியோடு சேரும் இடத்தில், பின்பக்கம் நீர்த்துளி வடிவில் ஒரு தடிப்பு. அதற்குச் சற்று மேலே நான்கு முத்திரைகள். குத்திய பிறகு காம்பை மறுபடி தட்டி ஒழுங்கு செய்திருக்கிறார்கள், அதில் எல்லாம் நசுங்கிப்போய் தரத்தைக் காட்டும் சிங்கம் எது, ஆண்டைக் காட்டும் எழுத்து எது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டும். அந்தக் காலத்து ஸ்பூன்கள் பெரும்பாலும் இப்படித்தான். 1780-களின் தொடக்கத்தில் முத்திரையைக் காம்பின் மேல்பகுதிக்கு மாற்றிய பிறகுதான் நிலைமை சீரானது. நுனியின் முதுகில், சுண்டுவிரல் நகம் அளவில், கழுகும் சிங்கமும் கலந்த கற்பனை மிருகமான கிரிஃபினின் தலை: கழுகு அலகு, நிமிர்ந்த காது, கழுத்தில் பிய்த்தெடுத்தது போன்ற ஓரம். இரண்டரை நூற்றாண்டு துடைத்துத் துடைத்து இறகுக் கோடுகள் பாதி மறைந்துவிட்டன. அலகு மட்டும் இன்னும் கூர்மை.

யார் வீட்டு கிரிஃபின்? அங்கேதான் சிக்கல்.

குலச்சின்னம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் பல பாகங்கள் உண்டு. நடுவில் கேடயம், அதுதான் உயிர். அதன் மேல் தலைக்கவசம், கவசத்தின் மேல் முறுக்கிய துணி, அந்தத் துணிமேல் நிற்கும் மிருகமோ கையோ கோபுரமோ தான் கிரெஸ்ட். கீழே நாடாவில் ஒரு வாசகம். பிரபுக் குடும்பம் என்றால் கேடயத்தை இரு பக்கமும் தாங்கிப் பிடிக்க இரண்டு உருவங்கள், தலையில் பதவிக்கேற்ற மகுடம். டியூக் என்றால் மகுடத்தில் ஐந்து ஸ்ட்ராபெர்ரி இலை தெரியும். ஏர்ல் என்றால் உயர்ந்த காம்புகளில் ஐந்து உருண்டை, இடையிடையே இலை. வைகவுண்டுக்கு வரிசையாக ஒன்பது உருண்டை, பாரனுக்கு நான்கே நான்கு. உருண்டையை எண்ணத் தெரிந்தால் போதும், வீட்டுக்காரரின் அந்தஸ்து தெரிந்துவிடும்.

இத்தனையும் ஒரு தாம்பாளத்தில் செதுக்கலாம், ஸ்பூன் நுனியில் இடமேது? அதனால் ஸ்பூன், முள்கரண்டி, உப்புக் கிண்ணம் போன்ற சின்னச் சாமான்களில் கிரெஸ்ட் மட்டும். பெரிய தட்டு, காபிக் கூஜா, சூப் பாத்திரங்களில்தான் முழுச் சின்னம். கேடயம் ஓர் ஆளுக்கு உரிமையானது, அவர் வாரிசுகளுக்குப் போவது. கிரெஸ்டோ பல குடும்பங்களுக்கு ஒன்றுபோலவே அமைந்துவிடும். ஃபேர்பேர்ன் என்பவர் 1859-ல் வெளியிட்ட கிரெஸ்ட் தொகுப்பைப் புரட்டினால் கிரிஃபின் தலைக்கு மட்டும் பெயர்கள் பத்தி பத்தியாக ஓடுகின்றன. வாசகமோ மகுடமோ கூட இருந்தால் ஆளைப் பிடிக்கலாம். வெறும் தலையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேடயம் கிடைத்தால் வேலை சுலபம்: பாப்வொர்த் தொகுத்து 1874-ல் வெளிவந்த பெரிய நூலில் பெயரைத் தேட வேண்டியதில்லை, படத்தைத் தேடினால் பெயர் வரும்.

படத்தைத் தேடுவதற்கு நிறம் தெரிய வேண்டும். சிவப்புப் பின்னணியில் தங்கச் சிங்கம் ஒரு குடும்பம், நீலத்தில் அதே தங்கச் சிங்கம் இன்னொரு குடும்பம். வெள்ளியில் ஏது நிறம்? இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1638-ல் பெட்ரா சாங்க்டா என்ற இத்தாலிய ஏசு சபைப் பாதிரியார் எழுதிய நூலால் பரவிய முறை. செங்குத்துக் கோடுகள் போட்டால் சிவப்பு. படுக்கைக் கோடுகள் நீலம். சாய்கோடுகள் பச்சை, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஊதா. கோடுகள் குறுக்கும் நெடுக்கும் பின்னினால் கறுப்பு. புள்ளி புள்ளியாக வைத்தால் தங்கம். ஒன்றும் செய்யாமல் வெறுமையாக விட்டால் வெள்ளி. வெள்ளிப் பாத்திரத்தில் வெள்ளி நிறத்தைக் காட்ட வெள்ளியைச் சும்மா விட்டால் போதும் என்பதில் ஒரு தனி அழகு இருக்கிறது.

இது தெரிந்த பிறகு அருங்காட்சியகத்தில் வெள்ளிச் சாமான் பார்ப்பதே வேறு அனுபவம். அதுவரை அலங்காரத்துக்குப் போட்ட கோடுகள் என்று கடந்துபோனவன், கண்ணாடியில் மூக்கு முட்டும்படி குனிந்து “மேலே சிவப்பு, கீழே தங்கம், நடுவில் கறுப்புப் பட்டை” என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டேன். காவலாளி ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

நிறம் முடிந்தால் கல்யாணம். கேடயத்தை நட்டநடுவே பிளந்து இரண்டு சின்னங்கள் இருந்தால் அது கணவன் மனைவி. கேடயம் ஏந்தியவரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் தெரிவது, கணவனுடையது. மற்றது மாமனார் வீட்டுடையது. மனைவிக்குச் சகோதரர்கள் இல்லை, அப்பாவின் சொத்துக்கும் சின்னத்துக்கும் அவளே வாரிசு என்றால் பிளக்க மாட்டார்கள். கணவனின் கேடயத்துக்கு நடுவில் ஒரு குட்டிக் கேடயமாக அவள் சின்னத்தை வைப்பார்கள். பிள்ளைகள் காலத்தில் கேடயம் நான்கு கட்டமாகி இரண்டு குடும்பமும் கலந்துவிடும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் கேடயமே கிடையாது. கேடயம் போர்க்கருவி, பெண்ணுக்கு எதற்கு என்ற கணக்கு. அவர்களுக்குச் சாய்சதுரக் கட்டம். ஆக ஒரு தேநீர்க் கூஜாவில் சாய்சதுரமும் அதற்குள் பிளந்த இரட்டைச் சின்னமும் இருந்தால், அதைச் செய்யச் சொன்னவள் புருஷன் இறந்த பிறகு தன் பணத்தில் வாங்கிய பெண் என்று ஊகிக்கலாம். முத்திரை ஆண்டும் சேர்ந்துகொண்டால் ஆளையே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு எதற்குச் செதுக்க வேண்டும்? பகட்டு ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்னால் வெள்ளி என்பது அவர்களுக்குப் பணம். நம் ஊரில் சீர்வரிசைப் பாத்திரத்துக்குக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவதுபோல, இது யாருடைய சொத்து என்று எழுதிவைக்கிற காரியம். வங்கி முறை பரவாத காலத்தில் கையில் இருந்த காசை வெள்ளியாக்கி அலமாரியில் வைத்தார்கள். தேவைப்பட்டால் உருக்கினால் திரும்பக் காசு. நாணயத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒரே தரம்: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இதுவே 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைவலியானது. நாணயங்களின் ஓரத்தை நறுக்கியும் உருக்கியும் பாத்திரமாக்கிவிடுகிறார்கள் என்று 1697-ல் அரசு பாத்திரத் தரத்தை 958-க்கு உயர்த்தியது. நாணயத்தை அப்படியே உருக்கிப் பாத்திரம் செய்ய முடியாதபடி. 1720-ல் பழைய தரத்துக்கே திரும்பினார்கள். கூடவே அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரியும் வந்தது. வரி வந்தால் ஏய்ப்பும் வரும். சின்னப் பொருள் ஒன்றில் முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டி, பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். பால் டி லாமெரி போன்ற பெரிய கைகாரரின் வேலைகளிலேயே இந்தத் தில்லுமுல்லு உண்டு.

பாத்திரத்தின் அடியில் ஊசியால் கீறிய எண்களைப் பார்க்கலாம். செய்தபோது இருந்த எடை, டிராய் அவுன்ஸிலும் பென்னிவெயிட்டிலும். சாப்பாட்டுத் தட்டுகளில் எடையோடு வரிசை எண்ணும் இருக்கும்: இது பதினான்காவது தட்டு என்று. விருந்து முடிந்ததும் பட்லர் எண்ணிப் பார்த்துப் பூட்ட வேண்டுமல்லவா. இன்றைக்கு அந்தத் தட்டை எடை போட்டால் கீறிய எண்ணைவிடச் சற்றுக் குறைவாக வரும். தலைமுறை தலைமுறையாகத் துடைத்ததில் போன வெள்ளி அது. அளவுக்கு மீறிக் குறைந்திருந்தால் யாரோ எதையோ சுரண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளி பணம் என்பதால் அது நிலைக்கவும் இல்லை. பாணி மாறினால் பழையதைப் போட்டுச் செய்கூலி கொடுத்துப் புதுசு வாங்கினார்கள். ஜார்ஜ் விக்ஸ் என்ற லண்டன் பொற்கொல்லரின் கணக்குப் பேரேடுகள் பிழைத்து இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெள்ளி விலை தனி, செய்கூலி தனி, சின்னம் செதுக்கிய கூலி தனி என்று கணக்கு ஓடுகிறது. 1642-ல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் இரு தரப்பும் வீட்டு வெள்ளியைக் கேட்டு வாங்கி உருக்கிப் படைக்குச் சம்பளம் கொடுத்தன. ஆக்ஸ்போர்டு கல்லூரிகளின் வெள்ளி மன்னர் சார்லஸின் நாணயச்சாலைக்குப் போனது. அதற்கு முந்தைய இங்கிலீஷ் சாப்பாட்டு வெள்ளி அரிதாகக் கிடைப்பதற்கு இந்தப் போர் ஒரு பெரிய காரணம்.

ஒரு வீட்டு வெள்ளி மட்டும் மண்ணுக்குள் போய்த் தப்பித்தது. 1827-ல் டெவன் மாவட்டத்தில், பிளிமத்துக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்கு சேமிக்கும் குகையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த பண்ணையாட்கள் வெள்ளித் தட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள். மொத்தம் இருபத்தாறு. ஓரங்களில் பொன்முலாம், விளிம்பில் ஒரு சின்னம். ராட்ஃபோர்டைச் சேர்ந்த சர் கிறிஸ்டோபர் ஹாரிஸ், அவர் மனைவி மேரி சிடனம் இருவருடைய சின்னங்கள் ஒரே கேடயத்தில். போர்க்காலத்தில் குடும்பத்தார் புதைத்துவைத்து, திரும்ப எடுக்காமலே போயிருக்கிறார்கள். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இதற்கு ஆர்மடா செட் என்று பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்பானியக் கப்பலில் கொள்ளையடித்த வெள்ளி என்ற கதைக்கு எப்போதுமே மவுசு. தட்டுகளில் உள்ள ஆண்டு எழுத்துகள் 1581 முதல் 1601 வரை ஓடுகின்றன, ஆர்மடா வந்த 1588 எங்கோ நடுவில் கிடக்கிறது. எனக்கென்னவோ கடற்கொள்ளைக் கதையைவிட ஆண்டு எழுத்துகள் சொல்லும் கதை பிடித்திருக்கிறது: இருபது வருஷம், கொஞ்சம் கொஞ்சமாக, பணம் சேரச் சேர, ஒரு குடும்பம் தட்டு சேர்த்திருக்கிறது. எல்லாத் தட்டிலும் ஒரே சின்னம் இருப்பதால்தான் வெவ்வேறு வருஷத்து வாங்கல்கள் ஒரு செட் ஆகத் தெரிகின்றன.

செதுக்கியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. பாத்திரத்தில் இருக்கும் முத்திரை பட்டறைக்காரருடையது. செதுக்குபவர் தனித் தொழிலாளி, பல பட்டறைகளுக்கு வேலை செய்வார், கையெழுத்துப் போடுவது அபூர்வம். வெள்ளிமேல் வெள்ளைப் பொடி பூசி, படம் வரைந்து, ஊசியால் கீறி, பிறகு சாணை பிடித்த சின்ன உளியை உள்ளங்கையால் தள்ளுவார். மணல் நிரப்பிய தோல் மெத்தையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் பாத்திரத்தைத் திருப்புவார். தலைமுடி மாதிரி வெள்ளிச் சுருள் கிளம்பி வரும். அந்த வெள்ளி போனது போனதுதான், தவறினால் திரும்ப ஒட்ட முடியாது.

அப்படி உளி தள்ளிய பையன்களில் ஒருவன் வில்லியம் ஹோகார்த். 1714 வாக்கில் லண்டனில் எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளி செதுக்குபவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். ஆண்டுக்கணக்கில் சிங்கமும் கிரிஃபினும் டிராகனும் செதுக்கினான். இந்த வேலையில் கிடந்தால் மேலே போக முடியாது என்று வெளியே வந்து அச்சுப்படங்கள், பிறகு ஓவியம் என்று போய் இங்கிலாந்தின் தலைசிறந்த கேலிச் சித்திரக்காரனானான். அவன் கை என்று கருதப்படும் வெள்ளி வேலை ஒன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வால்போல் தாம்பாளம். ராஜா இறந்தால் அவர் பெயரில் இருந்த அரசு முத்திரை அச்சு செல்லாததாகிவிடும். பெரிய வெள்ளிக் கட்டி அது. அந்த முத்திரைக்குப் பொறுப்பான பதவியில் இருப்பவருக்கு அதை வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை உண்டு. 1727-ல் முதலாம் ஜார்ஜ் இறந்தபோது கருவூல முத்திரை சர் ராபர்ட் வால்போலுக்கு வந்தது. அவர் அதைப் பால் டி லாமெரியிடம் கொடுத்துச் சதுரத் தாம்பாளமாக்கினார். நடுவில், உருகிப்போன முத்திரையின் இரு பக்கங்களும் படமாக. ஹெர்குலிஸ் தாங்கிப் பிடிக்கிறான், இரு பக்கமும் அவதூறும் பொறாமையும் பெண் உருவில், பின்னால் லண்டன் நகரம். ராஜ்யத்தின் பாரத்தைச் சுமக்கும் என்மேல் பொறாமைப்படுகிறார்கள் என்று அமைச்சர் தன் தாம்பாளத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார். கொஞ்சம் ஓவர்தான். ஆனால் கோடுகளின் நயத்துக்கு முன்னால் அது மன்னிக்கப்பட்டுவிடுகிறது.

ஹோகார்த் பின்னால் தீட்டிய ‘மேரேஜ் அ லா மோட்’ ஓவிய வரிசை லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 1743-ல் தொடங்கியது. முதல் படத்தில், காசு தீர்ந்துபோன ஓர் ஏர்ல் தன் மகனைப் பணக்கார வியாபாரி மகளுக்குக் கட்டிவைக்கப் பேரம் பேசுகிறார். அந்த அறையில் மகுடச் சின்னத்தைத் தேடிப் பாருங்கள். தலைக்கு மேல் விதானத்தில் மகுடம். காலை வைத்திருக்கும் முக்காலியில் மகுடம். கௌட் நோய்க்கு ஊன்றும் கக்கத்துக் கட்டையில் மகுடம். மூலையில் படுத்திருக்கும் நாயின் விலாவில்கூட மகுடம்! அடுத்தவன் பெருமையைக் கூலிக்குச் செதுக்கி அலுத்த கைக்குத்தான் இப்படி ஒரு பழிவாங்கல் தோன்றும் என்பது என் எண்ணம்.

சின்னங்களில் நெளிவு சுளிவான கதை உள்ளவையும் உண்டு. கில்டேர் ஏர்ல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டுக்காக அதே ஜார்ஜ் விக்ஸ் 1740-களில் செய்த சாப்பாட்டு வெள்ளி செட் பிரசித்தம். அவர் பின்னால் லெய்ன்ஸ்டர் டியூக் ஆனதால் அதை லெய்ன்ஸ்டர் செட் என்கிறார்கள். அயர்லாந்துக் குடும்பம், லண்டன் வேலை. ஃபிட்ஸ்ஜெரால்டுகளின் கிரெஸ்ட் ஒரு குரங்கு. கேடயத்தைத் தாங்குவதும் இரண்டு குரங்குகள். பழங்காலத்தில் கோட்டையில் தீ பிடித்தபோது எல்லாரும் ஓடிவிட, தொட்டிலில் இருந்த வாரிசுக் குழந்தையை வீட்டில் வளர்த்த குரங்குதான் தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாற்றியது என்று குடும்பக் கதை. நன்றி மறக்காமல் குரங்கையே குலச்சின்னமாக்கிவிட்டார்கள். சிங்கமும் கழுகுமாகப் பார்த்துச் சலித்த கண்ணுக்குக் குரங்கைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி.

இனி சுரண்டல் விவகாரம். குடும்பம் நொடித்தால் வெள்ளி விற்பனைக்கு வரும். வாங்கியவர் வேறு குடும்பம். அடுத்தவன் சின்னத்தோடு விருந்து வைப்பாரா? பழையதைச் சுரண்டி, மெருகேற்றி, அதே இடத்தில் தன்னுடையதைச் செதுக்கச் சொல்வார். சுரண்டிய இடம் மெலிந்துவிடும். சான்சரி லேன் பக்கம் லண்டன் சில்வர் வால்ட்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. பணக்காரர்கள் நகையும் பத்திரமும் பூட்டிவைப்பதற்காகத் தரைக்கடியில் கட்டியது, இப்போது வரிசையாக வெள்ளிக் கடைகள். அங்கே ஒரு வயதான கடைக்காரர் எனக்குச் செய்து காட்டினார். வழவழவென்று ஒரு சின்னமும் இல்லாத தாம்பாளத்தை எடுத்து, நடுவில் வாயை வைத்து ‘ஹா’ என்று ஊதினார். ஆவி படர்ந்த ஒரு நொடியில் கேடயத்தின் ஓரமும் அதைச் சுற்றிய இலைக்கொடியும் மங்கலாக எழுந்து, ஆவி காய்ந்ததும் மறைந்தன. “இப்போது கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள் சார்” என்றார். அழுத்தினேன், அந்த இடம் மட்டும் லேசாக உள்வாங்கியது. “பார்ப்பவர்களுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று யாரோ அழித்திருக்கிறார்கள். அதோடு இதன் விலையும் பாதியாயிற்று.”

அழித்துவிட்டு வேறு செதுக்கியதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, கேடயத்தைச் சுற்றியுள்ள சட்டம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பாணி. இரண்டாம் சார்லஸ் காலத்தில் குறுக்காக வைத்த இறகுக் கொத்துகள். 1700-களின் முதல் முப்பது வருஷம் இரு பக்கமும் சரிசமமான கட்டடப் பாணிச் சட்டம். 1740-களில் சிப்பியும் அலையுமாக ஒரு பக்கம் சாய்ந்த ரொக்கோகோ. 1770-களுக்குப் பிறகு மாலையும் ரிப்பனும். விக்டோரியா காலத்தில் கிரெஸ்ட்டைச் சுற்றி ஒரு பெல்ட்டும் பக்கிளும். முத்திரை 1725 என்று சொல்லி, சட்டம் சிப்பியாக இருந்தால், சின்னம் இரண்டாவது சொந்தக்காரருடையது. ராஜச் சின்னமே செதுக்கியிருந்தாலும் துள்ளிக் குதிக்காதீர்கள். வெளிநாட்டுத் தூதராகப் போனவருக்கும் நாடாளுமன்ற சபாநாயகருக்கும் அரசே ராஜச் சின்னம் பொறித்த வெள்ளி கொடுக்கும். திருப்பித் தர வேண்டியது, பலர் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

அசல் வெள்ளி வாங்க வசதியில்லாதவர்களும் விட்டுவைக்கவில்லை. 1740-களில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் செம்புத் தகட்டின் மேல் வெள்ளியை உருக்கி ஒட்டவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பார்வைக்கு வெள்ளி, விலை குறைவு. ஆனால் சின்னம் செதுக்க உளியை வைத்தால் அடியில் இருக்கும் செம்பு சிரிக்கும். அதற்கு ஒரு உபாயம் செய்தார்கள்: செதுக்க வேண்டிய இடத்தில் மட்டும் தடிமனான வெள்ளித் துண்டு ஒன்றைப் பதித்துத் தேய்த்துவிடுவது. சாதாரணமாகத் தெரியாது. அதன்மேலும் அதே ‘ஹா’ வித்தை செய்தால், பதித்த துண்டின் ஓரம் தெரியும். சின்னத்துக்காக மட்டும் அசல் வெள்ளி! அதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

உரிமை இல்லாமலே சின்னம் போட்டுக்கொண்டவர்களுக்கும் குறைவில்லை. யார் யார் போடலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சரிபார்க்கும் அதிகாரிகளின் சுற்றுப்பயணம் 17-ஆம் நூற்றாண்டோடு நின்றுவிட்டது. பிறகு கேட்பாரில்லை. தன் பெயரோடு ஒத்துப்போகும் பழைய குடும்பத்தின் சின்னத்தைப் புத்தகத்தில் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அரசு 1798-ல் வேறு கோணத்தில் யோசித்தது: உரிமை இருக்கிறதோ இல்லையோ, சின்னம் போட்டால் வரி. இந்த வரி 1944 வரை நீடித்தது.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய படைக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ், மதராஸ் படையின் தளபதி. மேலே சொன்ன தட்டுக்கார ஹாரிஸ் இல்லை, இவர் வேறு. போரில் கிடைத்த பங்குப் பணத்தில் கென்டில் பெல்மான்ட் மாளிகையை வாங்கினார். 1815-ல் ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் ஊர்ப்பெயர்களோடு பாரன் பட்டம் வந்தது. அவர் எடுத்துக்கொண்ட கிரெஸ்ட் ஒரு புலி, மார்பில் அம்பு தைத்து ரத்தம் வழிகிறது. நெற்றியில் பாரசீக எழுத்தில் ஹைதர் பெயர். புலி யாருடைய சின்னம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டுக் கிரெஸ்ட் செதுக்கிய எந்தச் சாமானிலும் இந்தப் புலிதான். பேரப்பிள்ளை, மூன்றாவது பாரன் ஹாரிஸ், 1854 முதல் 1859 வரை மதராஸ் கவர்னராகவும் இருந்தார். ஆர்க்காட்டில் பெயர் வாங்கிய கிளைவ் குடும்பத்துச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்குவது ஒரு பக்கம் யானை. இங்கிருந்து போன பணம் வெள்ளியானதோ இல்லையோ, இங்கிருந்து போன மிருகங்கள் சின்னங்களில் ஏறியது உறுதி. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அம்பு தைத்த புலியை நினைத்துக்கொண்டால் செதுக்கு வேலையின் நயத்தை மட்டும் ரசித்துவிட்டு நகர என்னால் முடிவதில்லை.

20-ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பங்களின் மாளிகைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வாரிசு வரி ஏறியது, தட்டுமுட்டுகள் ஏலத்துக்கு வந்தன. நல்லவை அமெரிக்காவுக்கு நிறையப் போயின. மாசசூசெட்ஸில் உள்ள கிளார்க் அருங்காட்சியகத்தில் டி லாமெரி வேலைகள் குவிந்து கிடக்கின்றன. சாதாரணச் சாமான்களுக்கு அந்த யோகம் இல்லை. 1980 ஜனவரியில் ஹன்ட் சகோதரர்கள் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, தேநீர்க் கூஜாவும் ஸ்பூனும் பை பையாக உருக்குபவர்களிடம் போயின. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இன்றும் இதுதான் நடக்கிறது. முதலில் போவது செட்டிலிருந்து பிரிந்த ஒற்றை ஸ்பூன்கள். யாருடைய கிரெஸ்ட் என்று தெரியாது, இரண்டு பேர் சாப்பிடக்கூட ஒரு செட் தேறாது, எடைக்குப் போட்டால் உடனே காசு.

லண்டன் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், வெள்ளி எடை விலைக்குமேல் கொஞ்சம் கூடக் கொடுத்தால் இப்படி ஒன்று கிடைக்கும். முள்கரண்டி வேண்டாம். அந்தக் காலத்து முள்கரண்டிகள் குறைவு, ஸ்பூனை வெட்டி முள்கரண்டியாக்கிய போலிகள் அதிகம். ஸ்பூனே எடுங்கள். சின்னம் அழிக்காததாக, கோடு இன்னும் விரலுக்குத் தட்டுப்படுவதாகப் பார்த்து எடுங்கள். கடைக்காரர் பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.